சரியாயிடுச்சு

2024 டிசம்பர் 9, திங்கட்கிழமை. காலை ஏழு மணி. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறை. என் மனைவி காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள்: “கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு” என்றேன்.

அது பொய். வாய் தவறி வந்ததல்ல, தெரிந்தே சொன்னது. அதற்கு ஆறு மணி நேரம் முன்புதான், அது சரியாகவில்லை என்பதை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஏன் சரியாகவில்லை என்பதும் தெரியும். சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும் என்பதும் தெரியும்.

அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் நான் நடந்துகொண்ட விதத்துக்கு நான்கு பேர் விலை கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. எதையும் மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

எனக்கு வயது 49. தி. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கம்ப்யூட்டர் என் தொழில் இல்லை; என் கர்வம். 1998இல் ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி என் கையால் முதல் பெட்டியைப் பூட்டினேன். 32 எம்.பி. ராம். அன்று முதல் சொந்தக்காரர் வீடு, அக்கம்பக்கம், அலுவலகம் எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தியர். “அவர்கிட்ட கேளு, அவருக்குத் தெரியும்” என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். இருபத்தாறு வருடம் இப்படியே போயிற்று. தெரியாது என்று சொல்லும் பழக்கம் விட்டுப்போயிற்று.

வீட்டில் இருப்பது ஒரே பெட்டிதான். அதில் இரண்டு பேருக்குப் பங்கு. மகன் கல்லூரி முதலாண்டு, மாலையில் விளையாடுவான். மனைவி பகலில் வேலை செய்வாள். சிறு பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். மாதம் இரண்டு புத்தகம், சீசனில் நான்கு. சீசன் என்றால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி. வழக்கமாக ஜனவரியில் வரும். அந்த முறை டிசம்பர் 27ஆம் தேதியே தொடங்குவதாக இருந்தது. கையில் இருந்த நாட்கள் குறைந்துபோயின. இது எனக்கும் தெரிந்த கணக்குதான்.

அந்தத் தீபாவளிக்கு மகன் கேட்டது ஒரு புதிய கிராபிக்ஸ் கார்டு. கார்டோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. “வாங்குறதுதான் வாங்குறோம், ராமையும் டபுள் பண்ணிடலாம்” என்றேன். ஏற்கெனவே இரண்டு 16 ஜி.பி. பட்டைகள் இருந்தன. அதே கம்பெனி, அதே எண் போட்ட இன்னொரு ஜோடி வாங்கினேன். புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றும் சேர்த்து வாங்கினேன். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. பன்னிரண்டு வருடமாக ஒரே கடை. அங்கே வேலை பார்க்கும் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பில் போடும்போது சொன்னான்.

“சார், நாலு ஸ்டிக் போட்டா எக்ஸ்.எம்.பி. நிக்காது. அதை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க.”

நான் சிரித்தேன். “தம்பி, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் இந்தத் தெருவுக்கு வந்துட்டேன்” என்றேன். கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்தது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என்று இப்போது புரிகிறது.

அவன் சொன்னது என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ராம் பட்டையின் உறையில் பெரிதாக ஓர் எண் இருக்கும். என்னுடையதில் 5600. அது பட்டையை விற்பவர் சொல்லும் வேகம். பிராசஸரைச் செய்தவர் ஒப்புக்கொண்ட வேகம் வேறு. என்னிடம் இருப்பது இன்டெல் 12ஆம் தலைமுறை. டிடிஆர்5 ராமுக்கு அதன் அதிகாரப்பூர்வ உச்சம் 4800. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் நான்கையும் நிரப்பினால், என் பட்டைகளைப் போன்றவற்றுக்கு அது 4000 ஆக இறங்கும். ஒரே தடத்தில் இரண்டு பட்டை தொங்கினால் சமிக்ஞை தெளிவாகப் போய்ச் சேராது. கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே குழாய் என்றால் அழுத்தம் குறையாதா? அந்தக் கதைதான். அதோடு, ராம் கம்பெனிகள் ஜோடியாகச் சோதித்து ஜோடியாகத்தான் விற்கின்றன. ஒரே பெயர் போட்ட இரண்டு ஜோடிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று எந்தக் கம்பெனியும் உறுதி தருவதில்லை. எக்ஸ்.எம்.பி. என்பது பயாஸில் ஒரு விசை. அதைப் போட்டால் உறையில் உள்ள எண்ணுக்கு ராம் தாவும்.

நான் போட்டேன். திரையில் 64 ஜி.பி., 5600 என்று வந்ததைப் படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினோரு பேர் கைதட்டினார்கள்.

அன்று இரவே இன்னொரு வேலையும் செய்தேன். மனைவியின் கோப்புகள் எல்லாவற்றையும் பழைய டிஸ்கிலிருந்து புதிய எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினேன். நகல் முடிந்தது என்று திரை சொன்னது. ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பழைய டிஸ்கை அப்போதே ஃபார்மட் செய்து மகனின் விளையாட்டுகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். ஒரு வவுச்சரை இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

மூன்றாம் நாள் விளையாட்டு பாதியில் நின்றது. ஐந்தாம் நாள் நீலத்திரை. பிறகு தினமும். ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று பிழை வரும். மறுநாள் வேறு பெயர். சில நாள் பெயரே இல்லாமல் பெட்டி தானாக அணைந்து எழும். விண்டோஸ் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்த வரிக்குப் பொருள், முறையாக அணைக்கப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பது மட்டும்தான். ஏன் நின்றது என்று அது சொல்லாது. நான் அதைக் காட்டி, கரண்ட்டின் மேல் பழி போட்டேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்பட்டேன். புதிய யு.பி.எஸ். வாங்கினேன். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்று தெருவில் கரண்ட் போனது. “பாத்தியா, இதுதான்” என்றேன். புயலுக்கு முந்தைய ஒரு மாதமும் பெட்டி விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்ததை யாரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை. வீட்டில் என்னிடம் அப்படிப் பேசுவதில்லை. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். என் அம்மா கண்பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். உண்மையில் என் வைத்தியங்களைவிட அதில் சேதம் குறைவு.

பிறகு மகன் மேல் பாய்ந்தேன். திருட்டு விளையாட்டு எதையோ இறக்கி வைரஸ் கொண்டுவந்துவிட்டான் என்றேன். அவன் இல்லை என்றான். நம்பவில்லை. அவன் வாங்கிய ரசீதுகளைத் திறந்து காட்டினான். அப்போதும் நம்பவில்லை. மூன்று வாரம் பெட்டியைத் தொடக் கூடாது என்றேன். அந்த மூன்று வாரத்துக்குள் அவனுடைய கல்லூரி அணிக்கு ஒரு போட்டி இருந்தது. அணியில் ஐந்து பேர். இவன் போகாததால் நான்கு பேர். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு சாக்கும் கையில் இருந்தது. அந்த வருடம் ஜூலையில், 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போவதுதான் கோளாறுக்குக் காரணம் என்று இன்டெல் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தது. உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்த விவகாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பல விளையாட்டுகள் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி நின்றன. ஊரெல்லாம் கிராபிக்ஸ் கார்டை மாற்றிக்கொண்டிருந்தது. குற்றவாளி பிராசஸர். இந்தச் செய்தியை வீட்டில் விரிவாகச் சொன்னேன். “உலகம் பூரா இதே பிரச்சினைதான்” என்றேன். நம்முடையது 12ஆம் தலைமுறை, அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. தெரிந்துதான் விட்டேன்.

இனி அந்தப் பையன்.

நவம்பர் 23, சனிக்கிழமை. இரண்டாவதாக வாங்கிய ஜோடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. முதலாளியைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி பேசினேன். உங்கள் பையன் பிரித்த சரக்கை எனக்குத் தள்ளிவிட்டான் என்றேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சீல் என் முன்னால்தான் உடைந்தது. எனக்கு அது நினைவில் இருந்தது. ஆனாலும் சொன்னேன். பையன் மெதுவாகக் கேட்டான்: “சார், எக்ஸ்.எம்.பி. ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா?” நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளி பேச்சை வளர்க்க விரும்பவில்லை. பழைய வாடிக்கையாளர். புதிய ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

புதிய ஜோடியோடும் பெட்டி விழுந்தது.

டிசம்பர் 7 அன்று மீண்டும் போனேன், ஒரு பென்டிரைவ் வாங்க. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை அதில் ஏற்றி ஓட்டலாம் என்று. அதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். பையன் கடையில் இல்லை, டெலிவரிக்குப் போயிருந்தான். முதலாளியாகவே சொன்னார்: “அந்த ராம் விஷயம் நீங்க மனசுல வெச்சுக்காதீங்க சார். பிரிச்ச பாக்கெட்டைக் குறைச்சுதான் விக்க முடிஞ்சுது. வித்தியாசம் ஆயிரத்தி ஐநூறை அவன் சம்பளத்துல பிடிச்சுட்டேன். அடுத்த தடவை ஒழுங்கா இருப்பான்.”

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார். நான் “சரி” என்றேன். பென்டிரைவ் எவ்வளவு என்று கேட்டேன்.

மறுநாள் ஞாயிறு இரவு. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சோதனையை ஓடவிட்டேன். முன்பு போலவே 5600. ஒரு மணி வாக்கில் முதல் சிவப்பு வரி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. ஒரு பிட் எழுதினால் வேறொரு பிட் திரும்பி வருகிறது. நான்கு பட்டைகளில் இரண்டு புத்தம் புதியவை. பட்டையில் குறை இல்லை. விசையில்தான் குறை. அந்த விசையைப் போட்டது நான். அதைப் போடாதே என்று சொன்னவன் ஆயிரத்தி ஐநூறு ரூபாய் இழந்திருக்கிறான்.

அந்த அறையில் அப்போது நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் குழம்பவில்லை. ஐயம் எதுவும் மிச்சமில்லை. பயாஸுக்குள் போய் ஒரு விசையை அணைத்தால் கதை முடிந்தது. கை விசைப்பலகைக்குப் போனது. நின்றது. அணைத்தால் அவன் சொன்னது சரி என்று ஆகும். மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். ரிச்சி தெருவுக்குப் போய், அதே கூட்டத்தின் முன் நின்று, ஆயிரத்தி ஐநூறை நீட்ட வேண்டியிருக்கும். பதினோரு கைதட்டலும் நினைவுக்கு வந்தது. ஆம், அதுவும்தான். வேறு ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தேன். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, 5600இலேயே நிறுத்திக் காட்டலாம். அடுத்த ஞாயிறு நிதானமாக உட்காரலாம். சோதனையைப் பாதியில் நிறுத்தினேன். பென்டிரைவை உருவினேன். படுத்தேன். தூக்கம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். நன்றாகவே தூங்கினேன்.

காலையில் மனைவி கேட்டாள். நான் சொன்னதுதான் உங்களுக்குத் தெரியுமே.

அவள் நம்பி உட்கார்ந்தாள். கையில் இருந்தது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் புத்தகம். வயது 73. முதல் புத்தகம். கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளைச் சுற்றி அவர் வளர்ந்த கதை. அறுபத்து மூவர் உற்சவத்தன்று அடைபட்டுப்போகும் தெருக்கள், லஸ் கார்னர் கடைகள், மந்தைவெளியில் அவர் நடத்திய மாலை வகுப்பு. அதற்காக வீடு வீடாகப் போய்ப் பழைய புகைப்படங்கள் கேட்டு வாங்கியிருந்தார். ஆகஸ்டில் என் மனைவி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்தாள். மொத்தம் 112. அடையாற்றில் ஒரு பாட்டியம்மா கொடுத்த ஆல்பம் பிறகு அவர் மகளோடு அமெரிக்கா போய்விட்டது. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் டிசம்பர் 14.

அந்தத் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் இரவு பதினொரு மணி வரை வேலை செய்தாள். ராம் கெட்டால் கம்ப்யூட்டர் விழும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விழுவது நல்லது, விழுந்தால் தெரிந்துவிடும். விழாமல் ஓடும்போதுதான் அது கோப்புக்குள் தவறான பிட்டைச் சத்தமில்லாமல் எழுதி வைக்கும். ‘சேவ்’ ஆகிவிட்டது என்று பல்லைக் காட்டும்.

டிசம்பர் 12, வியாழன். மறுநாள் கார்த்திகை தீபம். காலையில் புத்தகத்தின் மூலக்கோப்பு திறக்கவில்லை. சேதமடைந்துள்ளது என்றது. “ஏங்க, கொஞ்சம் வாங்களேன்” என்று கூப்பிட்டாள். நான் போய், பேக்கப் இருக்கிறதே என்றேன். தினம் இரவு இரண்டு மணிக்கு வெளி டிஸ்கில் தானாக நகல் எடுக்கும்படி நான்தான் அமைத்திருந்தேன். முந்தின நாள் நகலை அழித்துவிட்டு அன்றைய நகலை எழுதும். அப்படித்தான் அமைத்திருந்தேன், டிஸ்கில் இடம் மிச்சமாகட்டும் என்று. கெட்ட கோப்பு நல்ல கோப்பின் மேல் எழுதப்பட்டுவிட்டது. புகைப்படங்களைத் திறந்தோம். 19 படங்கள் பாதி வரை சரியாக இருந்தன. அதற்குக் கீழே சாம்பல் பட்டை, அல்லது ஊதாவும் பச்சையுமாகத் திரிந்த நிறம். அவை அந்த வாரம் கெட்டவை அல்ல. அக்டோபரில், நகல் எடுத்த இரவே கெட்டவை. மூலம் இருந்த டிஸ்கை நான் அழித்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே.”

அப்போதும் நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மதியம் வரை மீட்பு நிரல்களை ஓட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ பெரிய வேலை செய்பவன் போல. மாலையில்தான் சொன்னேன். அவள் திட்டவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டாள். ஞாயிறு ராத்திரியிலிருந்து என்றேன். எழுந்து போய் அகல் விளக்குகளைக் கழுவி வைத்தாள்.

அன்று இரவு விசையை அணைத்து, வேகத்தை 4000இல் நிறுத்தினேன். சோதனையை நான்கு முழுச் சுற்று ஓடவிட்டேன். ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை.

பிறகு படித்தேன். பத்து லட்சம் கம்ப்யூட்டர்களின் கோளாறுப் பதிவுகளை ஆராய்ந்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். வன்பொருள் கோளாறால் ஒரு முறை விழுந்த கம்ப்யூட்டர் மறுபடி விழும் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. பிராசஸரை அனுமதித்ததற்கு மேல் ஓட்டினால், கொஞ்சமே மேலே என்றாலும், நம்பகம் குறைகிறது. இதைப் பத்தாண்டுக்கு முன்பே படித்திருக்கலாம். படித்திருந்தாலும் எனக்குப் பொருந்தாது என்றுதான் நினைத்திருப்பேன்.

புத்தகம் காட்சிக்கு வரவில்லை. மனைவி பழைய பி.டி.எஃப். மெய்ப்பு ஒன்றிலிருந்து எழுத்தை எடுத்து மறுபடி தொடங்கினாள். பிழைகளை ஆசிரியர் மறுபடி திருத்த வேண்டியிருந்தது. அவருக்குக் கண்புரை. பதிப்பாளர் அந்த வேலைக்குப் பேசிய தொகையில் பாதியைத்தான் கொடுத்தார்; அவள் அதைக் கேட்கவும் இல்லை. பிப்ரவரி கடைசியில் புத்தகம் வந்தது. அந்த 19 படங்களில் ஆறு மட்டும் மறுபடி கிடைத்தன. அடையாறு ஆல்பத்திலிருந்து எடுத்தவை எதுவும் கிடைக்கவில்லை.

காட்சி தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் நானும் அவளும் நந்தனம் போயிருந்தோம். பதிப்பகத்தின் அரங்கில் அந்த ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. தம் பழைய மாணவர்களை அன்று வரச் சொல்லியிருந்தாராம். தள்ளிவைக்க எல்லோருடைய எண்ணும் அவரிடம் இல்லை. அவர்களும் வந்திருந்தார்கள், தலை நரைத்தவர்கள். ஒவ்வொருவரிடமும் “இன்னும் வரலப்பா, கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவியைப் பார்த்து, “என்னம்மா பண்றது, மெஷின்தானே” என்றார். அவள் தலையாட்டினாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவருக்கு இன்னும் உண்மை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லப்பா” என்று சொல்லிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். சில வாரம் கழித்து ஒரு நாள், வேகத்தைக் குறைத்தது விளையாட்டில் தெரிகிறதா என்று கேட்டேன். “எப்பக் குறைச்சீங்க?” என்றான்.

பையன் பொங்கலுக்கு முன்பே அந்தக் கடையை விட்டுப் போய்விட்டான். நான் ரிச்சி தெருவுக்குப் பணத்தோடு போனது மார்ச்சில். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். “விடுங்க சார், சின்னப் பையன், எங்கேயாவது பொழைச்சுப்பான்” என்றார். பக்கத்து டீக்கடையில் விசாரித்ததில், தி. நகரில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் சேர்ந்திருப்பதாகத் தெரிந்தது. என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. கண்ணாடிக் கதவு வழியாக அவனைப் பார்த்துவிட்டேன், குனிந்து ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். மூன்று முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

அவனை அவமானப்படுத்திய அன்றும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அப்போது எனக்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை.

இதை எழுதும் இன்று வரை நான் உள்ளே போகவில்லை.